நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது என்றார் அம்மா

அம்மா திருகோணமலையின் திருக்கடலூரில் பிறந்து வளர்ந்தவர். கரைவலை இழுத்து முடிக்கும் நேரம் வலையின் மடிக்குள் சிக்கிய மீன்கள் துள்ளுவதைச் சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் நின்று பார்த்தவர். 2023-இல் ஒரு காலை, எங்கள் உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, "பிள்ளை, ரெண்டு மூண்டு நாளா நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரிக் கிடக்கு" என்றார். வலி இல்லை, மூச்சுமுட்டல் இல்லை, முகத்தில் பயமும் இல்லை. நான் பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தேன். "நேற்று வெயிலுக்குள்ள சந்தைக்குப் போனீங்கள்தானே, தண்ணி குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் மனம் கனக்கிறது. ஏனென்றால் அதற்கு இரண்டு வருடம் முன்பு எனக்கே நெஞ்சு படபடப்பு வந்து, செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்து அழுதவள் நான். ஆளை அப்படிக் கலங்கடித்த என் படபடப்பு, சோதித்துப் பார்த்தபோது அவ்வளவு ஆபத்தில்லாத வகையாக இருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு சாதாரணமாகச் சொன்ன அம்மாவின் படபடப்புத்தான் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோகப் பார்த்தது. எவ்வளவு பயமாக இருக்கிறது என்பதை வைத்து இந்த வருத்தத்தின் ஆபத்தை அளக்கவே முடியாது என்று நான் படித்துக்கொண்டது அந்த இரண்டு வருடங்களில்தான்.

நான் மருத்துவர் இல்லை, கணித ஆசிரியை. எனக்கும் அம்மாவுக்கும், அயலில் ஒரு தம்பிக்கும் நடந்ததையும், அந்தந்த நேரத்தில் மருத்துவர்கள் விளக்கிச் சொன்னதையும் எழுதுகிறேன்.

முதலில் என்னுடையது. 2021 கடைசி, மாரி மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழே விழுந்த பேனையைக் குனிந்து எடுத்து நிமிர்ந்த அந்த நொடியில், சுவிட்சைப் போட்டதுபோல நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஓடிவிட்டு வந்தால் அடிக்குமே, அப்படி மெல்ல மெல்ல ஏறவில்லை. ஒரே எடுப்பில் உச்சத்துக்குப் போய்விட்டது. கழுத்துக்குள் தவளை கத்துவதுபோல் ஒரு துடிப்பு. கை நடுங்கியது, வாய் காய்ந்தது. என் கணவர் சோடா வாங்கிவந்தார், இஞ்சி தட்டிக் கொடுத்தார். நாற்பது நிமிடம் அப்படியே நின்றது. பிறகு தொடங்கியது போலவே ஒரே நொடியில் நின்றுவிட்டது. அதற்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தரம் சிறுநீர் கழிக்கப் போனேன். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய விஷயம் என்றும் தெரியாது.

அடுத்த நாள் ஒரு தனியார் கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரி. "உங்களுக்கு 46 வயசு, மாதவிடாய் நிக்கிற காலம், யோசினையும் கூட. பயப்படாமல் நல்லா நித்திரை கொள்ளுங்கோ" என்று சொல்லி நித்திரைக் குளிசை தந்தார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் படபடப்பு வருவது உண்மைதான், பயத்தாலும் வரும்தான். ஆனால் மற்றவற்றைப் பார்த்துக் கழித்த பிறகு கடைசியில் வரவேண்டிய பதில் அது. எனக்கு முதல் பதிலாகவே அது கிடைத்தது. என்னைப்போல எத்தனை பெண்களுக்கு 'பயம்' என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பிறகுதான் விளங்கியது, சாதாரண ஈசிஜி என்பது சுமார் 10 வினாடியின் படம். அந்தப் 10 வினாடியில் படபடப்பு இல்லையென்றால் படத்திலும் ஒன்றும் இருக்காது. நேற்று வந்துபோன கள்ளனை இன்றைக்கு எடுத்த படத்தில் தேடுவது போலத்தான். ஆகவே 'ஈசிஜி சரி' என்பதை 'நெஞ்சு சரி' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர்தான், "எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். கணக்குப் படிப்பிக்கிற நான் அதைச் செய்யவே இல்லை. பெருவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், மற்றக் கையின் இரண்டு விரல் நுனிகளை மெல்ல வைக்க வேண்டும். பெருவிரலால் பிடிக்கக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒரு முழு நிமிடமும் எண்ண வேண்டும். சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழமை. அடுத்த தரம் எனக்கு வந்தபோது 15 வினாடியில் 46 எண்ணினேன். நிமிடத்துக்கு 184.

அன்றைக்கே ஒரு சிறு கொப்பி போட்டேன். எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், திடீரென்றா மெல்லவா தொடங்கியது, எத்தனை அடி, சீராகவா தாறுமாறாகவா, எவ்வளவு நேரம், எப்படி நின்றது, கூட வேறென்ன இருந்தது. மூன்று மாதத்தில் ஐந்து தரம் எழுதியிருந்தேன். இதய கிளினிக்கில் டொக்டர் அந்தக் கொப்பியை வாங்கி, பக்கம் பக்கமாக வாசித்தார். "முடிஞ்ச பிறகு சிறுநீர் நிறையப் போச்சா?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதயத்தின் மேலறைகள் அந்த வேகத்தில் அடிக்கும்போது உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹோர்மோன் சுரக்குமாம். பயத்தில் வரும் படபடப்பையும் இதயத்தின் மின்சுற்றுக் கோளாறால் வரும் படபடப்பையும் பிரித்தறிய உதவும் சின்னச் சாட்சிகளில் அதுவும் ஒன்று. 24 மணி நேரம் உடம்பில் கட்டிவைத்துத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியும் போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

ஆறாவது தரம் கோணேசர் கோயிலால் திரும்பி வரும்போது வந்தது. கோட்டைக்குள்ளால் இறங்கும் பாதையில், மான்கள் மேயும் இடத்துக்குக் கிட்ட, அதே சுவிட்ச். ஆனால் இந்தத் தரம் கண் இருட்டியது, காதுக்குள் சத்தம் தூரப்போனது. விழுவதற்கு முன் நிலத்தில் இருந்துவிட்டேன். கணவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போகப் பார்த்தார். நான் மறுத்தேன். பின்னால் இருந்து மயங்கினால் என்ன நடக்கும்? 1990-க்கு எடுத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ். தமிழிலேயே கதைக்கலாம், காசு வாங்குவதில்லை. இருக்கும் இடத்துக்கு ஓர் அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் உடனே ஈசிஜி. 192. கள்ளன் படத்தில் விழுந்துவிட்டான். எஸ்விரி (SVT) என்றார்கள். இதயத்துக்குள் மின்சாரம் போகும் வழியில் ஒரு குறுக்குப் பாதை இருந்து, துடிப்பு அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுவதால் வருவது. 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் ஒன்றைத் தந்து, அதன் தண்டு அசையும் அளவுக்கு 15 வினாடி ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் என்னைச் சட்டென மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் காலைத் தூக்கிப் பிடித்தால் 100 பேரில் 43 பேருக்கும், வெறுமனே ஊதவைத்தால் 17 பேருக்கும் துடிப்பு ஒரு நிமிடத்துக்குள் வழமைக்குத் திரும்பியதாகக் கண்டார்கள். எனக்கு நிற்கவில்லை. பிறகு அடினோசின் ஊசி போட்டார்கள். போடுவதற்கு முன் நேர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரு சில வினாடி நெஞ்சு நிண்டுபோற மாதிரி இருக்கும், பயப்படாதீங்கோ, நான் இருக்கிறன்" என்றார். அப்படித்தான் இருந்தது. கிணற்றுக்குள் விழுவது போல. பிறகு அமைதி. அந்தப் பிள்ளை முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால் அந்தச் சில வினாடியை நான் தாங்கியிருக்க மாட்டேன். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த ஊசிக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு அது ஆகாது.

2022-இல் கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நின்ற வருடம் அது. தள்ளித் தள்ளி, வருடக் கடைசியில்தான் போக முடிந்தது. தொடை நாளத்தால் மெல்லிய கம்பிகளை அனுப்பி, அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். என் வகைக்கு இந்தச் சிகிச்சை 100 பேரில் 90-க்கும் மேற்பட்டோருக்குப் பலன் தரும். அதன் பிறகு எனக்கு ஒரு தரம்கூட வரவில்லை.

இவ்வளவும் பட்ட பிறகும் அம்மாவின் மீனை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னுடையது போல இடி இடிக்கவில்லை என்பதால் அது சின்ன விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஒக்சிமீற்றர் ஒன்று வீட்டில் கிடந்தது. அன்று பின்னேரம் சும்மா அம்மாவின் விரலில் மாட்டிப் பார்த்தேன். நாடித்துடிப்பு 88 என்று காட்டியது, உடனே 121, பிறகு 97, பிறகு 134. மெசின் பழுது என்று பற்றரியை மாற்றினேன். அப்போதும் அப்படியே. என் விரலில் மாட்டினால் 76-இல் அசையாமல் நின்றது. கருவி நல்லாத்தான் இருந்தது. என் மூளைதான் அதை ஏற்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டோம். கொஞ்ச நாளாகவே அம்மா கூட்டிப் பெருக்கிவிட்டுக் களைத்துப்போய் இருந்துவிடுவார், பிரஷர் குளிசையை இடைக்கிடை விட்டுவிடுவார். அவற்றையும் நாங்கள் வயதின் கணக்கில் எழுதிவைத்திருந்தோம். அம்மாவுக்கு அப்போது 71.

அடுத்த நாள் காலை அதே விறாந்தை. அம்மாவின் வலது கையிலிருந்து கோப்பை நழுவி உடைந்தது. "என்னம்மா?" என்றேன். அவர் சொன்ன பதில் குழறியது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. "சிரியுங்கோ அம்மா" என்றேன். வாயின் ஒரு பக்கம் ஏறவில்லை. இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னேன். வலது கை தானாக இறங்கியது. 1990-க்கு எடுத்தோம். அம்புலன்ஸ் வருவதற்குள், பத்து நிமிடத்தில், எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா தெளிவாகக் கதைத்தார். "எனக்கு ஒண்டுமில்லை, ஏன் ஊரைக் கூட்டுறாய்?" என்று என்னைக் கண்டித்தார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அண்ணாவும் சொன்னான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை.

அசையாமல் நின்றதுதான் அம்மாவைக் காப்பாற்றியது. வந்து தானாகவே சரியாகிப்போகும் அந்தப் பத்து நிமிடம், பெரிய பாரிசவாதம் ஒன்று படலையைத் தட்டிவிட்டுப் போன நேரம். அப்படி வந்துபோன பிறகு அடுத்த சில நாட்களில்தான் முழுப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம். மூளை ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தக்கசிவு இல்லை. ஈசிஜியில் காரணம் தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சேர்ந்து சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அம்மா சொன்ன 'மீன் துள்ளுது' என்பதைக் கேட்டு வாட்டு டொக்டர், "இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது" என்றார். அறை நடுங்கும்போது அதன் ஒரு மூலையில் இருக்கும் சிறு பை போன்ற இடத்தில் இரத்தம் தேங்கிக் கட்டிபடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. சிலருக்கு மீன் துள்ளுவதுகூடத் தெரியாது. களைப்பு மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

அந்த வாட்டில்தான் அம்மாவின் நாடியை முதல்முறையாக என் விரலால் பிடித்துப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை தொடங்கும்போது துளிகள் விழுமே, அப்படி. இரண்டு சேர்ந்து, ஒன்று தள்ளி, மூன்று ஓடிவந்து, எந்த ஒழுங்கும் இல்லை. ஒரு தரம் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சீராகப் போய்க்கொண்டிருந்து நடுவில் ஒரு அடி விட்டு, அடுத்த அடி 'டொம்' என்று பலமாக விழுவது வேறு. இரவில் படுத்திருக்கும்போது பலருக்கும் அது தெரியும். இதயத்தில் வேறு வருத்தம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அது கெடுதல் செய்யாது. இருந்தாலும் அடிக்கடி வந்தால் ஒரு தரம் காட்டத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு நாடியைக் கட்டுப்படுத்தக் குளிசையும், இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரினும் தொடங்கினார்கள். அந்தக் குளிசை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் சில விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரத்தம் கட்டிபட எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனையின் அளவு அம்மாவைப் போன்றவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, ஒரு கிழமை முழுக்கக் கீரை, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் அளவைக் குழப்பும். முழங்கால் வலிக்கு பார்மசியில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடக் கூடாது, இரத்தக்கசிவு வரலாம். என்ன சேர்ந்தது என்று தெரியாத கசாயமும் வேண்டாம். பல்லுப் பிடுங்கப் போனால் முதலில் இதைச் சொல்ல வேண்டும். ஒரு நேரக் குளிசை மறந்துபோனால் அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது. இவற்றை அம்மாவின் கிளினிக் கொப்பியின் அட்டையில் சிவப்பு எழுத்தில் நான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அயல் தம்பியின் கதையை அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றான். 34 வயது. கரைவலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு குதிரை ஓடுவதுபோல் அடித்து, அப்படியே மணலில் விழுந்தான். அரை நிமிடத்தில் எழும்பிவிட்டான். வெயில், பசி, காலையில் சாப்பிடவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் கயிற்றைப் பிடிக்கப் போனானாம். அவனுடைய மூத்த அண்ணன் 29 வயதில் நித்திரையிலேயே போனவர் என்பது எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் கேள்விப்பட்டதும் ஓடிப்போய், "தம்பி, நீ இனி கயிற்றைத் தொடாதே, இப்பவே வெளிக்கிடு" என்றேன். "அக்கா, எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றான். அவனுடைய மனைவி என் முகத்தைப் பார்த்தார், அவர்தான் இழுத்துக்கொண்டு வந்தார். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. பரம்பரையாக வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு இருப்பதால் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார்கள். இன்னும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உடம்பை வருத்தி வேலை செய்து முடித்து, ஆறி நிற்கும்போது தலை சுற்றுவது ஒரு மாதிரி. வேலையின் நடுவில், ஓடும்போது, இழுக்கும்போது நெஞ்சு அடித்து மயங்கி விழுவது முற்றிலும் வேறு. இரண்டாவதை நான் ஒரு நாளும் வெயிலின் தலையில் கட்ட மாட்டேன். வீட்டில் யாராவது 40 வயதுக்கு முன் திடீரென்று இறந்திருந்தால், அது நீரில் மூழ்கியதாகச் சொல்லப்பட்டாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, எப்போது உடனே 1990-க்கு எடுக்க வேண்டும்? படபடப்போடு மயக்கமோ, கண் இருட்டலோ வந்தால். நெஞ்சை அழுத்தினால், அந்த அழுத்தம் தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால். படுக்க முடியாமல் மூச்சு முட்டினால். குளிர்ந்த வியர்வை கொட்டி ஆள் வெளிறிப்போனால். முகம் கோணல், கை சோர்வு, பேச்சுக் குழறல் எது வந்தாலும், அது தானாகப் போய்விட்டாலும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் படபடப்பு நீடித்தால் வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போதே நாடி 150-ஐத் தாண்டி நின்றாலும் அப்படித்தான். 120-க்கு மேல் ஏறி, இருந்து ஆறியும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 40-க்குக் கீழே இறங்கித் தலை சுற்றினாலும் அவசரம்தான். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். படபடப்பு, களைப்பு, வியர்வை மட்டும் காட்டும்.

பாரிசவாதக் குறிகளுக்கு வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையில் இரத்தக்கசிவாக இருந்தால் அது விஷம். ஸ்கேன் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்தால் பெரிய உதவி. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போடப்படுகிறது. அதேபோல, நாடியின் வேகத்தைக் குறைக்கும் புரோபனோலோல் குளிசையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடுவதும் நம் ஊரில் நடக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிரை வாங்கலாம். கழுத்து நரம்பைப் பிடித்துவிடுவதும் வேண்டாம். வயதானவர்களின் கழுத்துக் குழாயில் படிந்திருப்பது கழன்று மூளைக்குப் போகலாம்.

அவசரம் இல்லாத படபடப்புகளும் நிறைய. ஆனால் அவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். இரத்தச்சோகை, தைரொயிட், பொற்றாசியம் குறைவு, காய்ச்சல், நீரிழப்பு. இழுப்புக்கு எடுக்கும் சல்பியூட்டமோல், சில தடிமன் மருந்துகள், வெறும் வயிற்றில் மாறி மாறிக் குடிக்கும் கடும் சாயத் தேத்தண்ணீர். கிண்ணியாவிலிருந்து வரும் என் சக ஆசிரியை ஒருவர் நோன்பு காலத்தில் பின்னேரமானால் நெஞ்சு படபடத்து வியர்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர். குத்திப் பார்த்தபோது சீனி 58. 70-க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ ஆலோசனை, வருத்தக்காரருக்கு மார்க்கத்திலும் அதற்கு இடம் உண்டு. பிறகு டொக்டரிடம் போய் நோன்பு மாதத்துக்கென்று குளிசையின் அளவை மாற்றிக்கொண்டார், இப்போது பிரச்சினை இல்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் படபடப்பு இருக்கும்போது எடுத்த ஈசிஜி தங்கம் போன்றது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அதன் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடதாசி வெப்பத்தில் அச்சாவது, நம் ஊர் வெக்கைக்குச் சில மாதத்தில் மங்கிப்போகலாம். கிடைத்த அன்றே கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்தால் எந்த ஊர் மருத்துவரிடமும் காட்டலாம். கொழும்பில் என்னுடைய படத்தைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவுசெய்தார்கள். மூலக் கடதாசியில் அப்போது பாதிதான் தெரிந்தது.

அம்மாவுக்கு இப்போது 73. காலையில் தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் விறாந்தைச் சுவரில் நான் மாட்டிய மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நாடி எண்ணுவார். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார், நான் உள்ளேயிருந்து கொப்பியில் எழுதுவேன். மீன் முற்றாக நிற்கவில்லை, நிற்காது என்றும் சொல்லிவிட்டார்கள். "மடிக்குள்ளதான் கிடக்குது, ஆனால் இப்ப அடக்கமாக் கிடக்குது" என்பார். போன கிளினிக்கில் ஐஎன்ஆர் 2.4. துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, "வியாழக்கிழமைக் கணக்குக்கு முருங்கையிலை ஆய்ஞ்சு வை பிள்ளை, போன கிழமை எவ்வளவு போட்டியோ அவ்வளவுதான்" என்றார்.